எந்தத் திணையில் வைத்தோம்?

கூவாகம் திருவிழா முடிந்த ஒரு புதன்கிழமை இரவு. பல ஆண்டுகளுக்கு முன்பு. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் பேருந்தில் நான் இருந்தேன். எனக்கு முன் இருக்கையில் வெள்ளைப் புடவையில் ஒரு திருநங்கை. அன்றுதான் அரவானுக்காகத் தாலி அறுத்து அழுதிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்கள் அவர் மீது கை வைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு முறை தட்டிவிட்டார். மூன்றாவது முறை எழுந்து நின்று கத்தினார்.

நடத்துநர் வந்தார். அந்த ஆண்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. “டேய், பஸ்ஸுல கலாட்டா பண்ணாத, இறங்குடா” என்றார். விசில் ஊதினார். வெளியே விளக்கு எதுவும் இல்லை. பேருந்தில் என்னையும் சேர்த்து நான்கு பெண்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

‘அவங்க சமாளிச்சுக்குவாங்க’ என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது. அதைத்தான் இன்றுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதே கைகள் ஒரு கல்லூரி மாணவியின் மீது பட்டிருந்தால் நான் எழுந்திருப்பேன். வேறு பேருந்துகளில் எழுந்தும் இருக்கிறேன். அப்படியானால் நான் எதை நம்பினேன்? இந்த உடலுக்கு நம் உடலுக்கு வலிப்பதுபோல வலிக்காது என்று. உரக்கப் பேசத் தெரிந்தவளுக்குப் பயம் இருக்காது என்று.

நான் வகுப்பில் தொல்காப்பியம் நடத்துகிறவள். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைக்குள் வைக்கிறார். அதற்கெனத் தனி ஈறு இல்லை என்கிறார். ஆனால் ஆண்பால் ஈறு அதற்குப் பொருந்தாது என்றும் தெளிவாகச் சொல்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் ‘பேடி’ என்ற சொல் இன்று வசையாகிவிட்டது. விதி மட்டும் அப்படியே இருக்கிறது. நடத்துநரின் ‘டேய்’ அந்த விதிப்படி பிழை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூல், இவர்களுக்கு அஃறிணை முடிபும் பொருந்தும் என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. இரண்டு நூற்பாக்களையும் தேர்வுக்காக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அன்று பேருந்தில் நாங்கள் நால்வரும் அவரை எந்தத் திணையில் வைத்தோம் என்று மட்டும் என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டத்துக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது. ஒரு பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. 2019-இல் நிறைவேறிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவோ, திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை என்று வகுத்தது. அடியையும் வசையையும் பாலியல் கொடுமையையும் ஒரே வரியில் அடக்கியது. ‘அவங்க சமாளிச்சுக்குவாங்க’ என்று நான் நினைத்ததற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

காவல் நிலையத்துக்குப் போகலாமே என்பவர்கள் 2006-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் விசாரணை என்ற பெயரில் காவலர்களின் பாலியல் சித்திரவதைக்கு உள்ளான ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடுத்த வழக்கில், 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் வந்தது. பிரித்திகா யாஷினி வழக்காடி, 2017-இல் காவல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். பால் சிறுபான்மையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. ஆனால் ஓடும் பேருந்துக்குள் விதிகள் ஏறி வருவதில்லை. அங்கே இருப்பது நாம்தான்.

கூவாகத்தையே எடுத்துக்கொள்வோம். சித்திரையில் அந்தச் சின்ன ஊருக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். மறுநாள் சாகப்போகிற அரவானுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததால் கண்ணன் மோகினியாக வந்து மணந்தான் என்பது கதை. சுற்று வட்டார ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். திருநங்கைகளிடம் ஆசி வாங்குகிறார்கள். அதே இரவில் வயல்வெளி இருட்டில் அவர்களைத் துரத்துகிறவர்களும் உண்டு. கும்பிடுவதும் கை வைப்பதும் ஒரே ஊரில், ஒரே இரவில் நடக்கின்றன. தெய்வமாக்கினாலும் இழிவுபடுத்தினாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணாக அவளைப் பார்க்காமல் இருந்துவிடலாம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, உளுந்தூர்பேட்டை பக்கம் மகள்களோடு வாழும் ஒரு மூத்த திருநங்கையைச் சந்தித்தேன். எல்லோருக்கும் அவர் ‘அம்மா’. அவருடைய மகள்களில் ஒருத்தி கல்வராயன் மலைக்காரி. பெற்ற தாயைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போகும்போது காலைப் பேருந்தில்தான் போவாள். கச்சிராயபாளையத்தில் ஒரு போன். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், எத்தனை மணிக்குள் அடுத்த போன் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். வராவிட்டால் யார் கிளம்பிப் போவது என்பதும் முடிவாகியிருக்கும். கடை கேட்கத் தனியாகப் போவதில்லை. மருத்துவமனைக்கு ஒருத்தியாவது துணை. ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்று நம் வீடுகளில் சொல்வதுதான். அதைச் சொல்ல வேண்டிய வீடு துரத்திவிட்டதால் அவர்களே வீடு கட்டிக்கொண்டார்கள். ஜமாத்திலும் அதிகாரம் உண்டு, அபராதம் உண்டு, மகள்களின் சம்பாத்தியத்தில் பங்கு உண்டு, சாதியும் உண்டு. அம்மாவே அதை மறைக்கவில்லை. “ஆனா ராத்திரி வராட்டி தேடுவோம் மேடம்” என்றார்.

அவரிடம் அந்தப் பேருந்துக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் திட்டு வாங்கினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கேட்டது வேறு. “எந்த இடத்துல இறக்கி விட்டாங்க?”

விழித்தேன்.

“எலவனாசூர்கோட்டைக்கு முன்னாடியா, பின்னாடியா? தியாகதுருகம் பக்கம்னா விடிய விடிய ஒரு டீக்கடை இருக்கும். அந்த அண்ணன் உக்கார விடுவாரு. அங்க போயிருப்பா.” அவர் மனதுக்குள் அந்தச் சாலை முழுவதும் இருந்தது. எந்தக் கடையில் உட்காரலாம், எந்தத் திருப்பத்தில் நிற்கக் கூடாது என்று. எனக்கு அது எந்த இடம் என்றே தெரியவில்லை. அன்று நான் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

பெண்கள் பாதுகாப்பு என்று எழுதும்போதெல்லாம் இப்போது அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அவருடன் இறங்கியிருக்க வேண்டும் என்று இன்று எழுதுவது சுலபம். குறைந்தபட்சம், “அவங்க பொண்ணுங்க, அவங்கள ஏன் இறக்குறீங்க, அந்த ரெண்டு பேரையும் இறக்குங்க” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். மற்ற மூன்று பெண்களில் ஒருத்தியாவது கூடச் சேர்ந்திருப்பாள். அவர்களும் என்னைப் போலவே வேறு யாராவது தொடங்கட்டும் என்று காத்திருந்திருக்கலாம்.

இப்போது உயர்திணை நடத்தும்போது வகுப்பில் இந்தக் கதையையும் சொல்கிறேன். மாணவிகள் முதலில் கேட்பது, “அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு மேடம்?” தெரியாது என்கிறேன். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. பிடிக்கக் கூடாது.