விருந்தின் நன்மை யாருக்கு?

 

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் தம் விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இடம் பெற்றுள்ளது. ஈமானோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கடமை இது. ஆனால் அந்தக் கடமையை நாம் யாருடைய உழைப்பைக் கொண்டு நிறைவேற்றுகிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளன்று என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிறை தெரிந்த மகிழ்ச்சியில், பள்ளிவாசலில் கண்ட நண்பர்களையெல்லாம் மறுநாள் பகல் உணவுக்கு அழைத்துவிட்டேன். மொத்தம் 22 பேர். இஷா தொழுதுவிட்டு வந்து, வீட்டாரிடம் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ் செய்துவிடலாம்" என்றார்.

இரவெல்லாம் வெங்காயம் உரிப்பதும், இஞ்சி பூண்டு அரைப்பதும், வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிவதுமாகக் கழிந்தது. காலையில் நான் குளித்து, புத்தாடை அணிந்து, அத்தர் பூசி, தக்பீர் சொல்லிக்கொண்டு தொழுகைத் திடலுக்குப் போனேன். பெண்களுக்கும் அங்கே இட வசதி செய்திருந்தார்கள். அவரோ அடுப்பை விட்டு நகர முடியவில்லை. பகலில் பிரியாணியையும் தால்ச்சாவையும் உண்ட நண்பர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எனக்காக துஆச் செய்தார்கள். அனைவரும் போனபின் அஸருக்குச் சற்று முன் அடுப்படிக்குச் சென்றேன். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி உண்டுகொண்டிருந்தார். கறி ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அவருக்கு வாங்கிய புதுச் சேலை மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது.

அன்று என்னுள் எழுந்த கேள்வி இதுதான். பிறர் பணத்தை எடுத்து ஸதக்கா கொடுத்தால் அது என் ஸதக்கா ஆகாது. அப்படியானால் பிறர் உடலுழைப்பை எடுத்து நான் கொடுக்கும் விருந்து மட்டும் எப்படி என் விருந்தாகும்?

"பெண்கள் மனமுவந்துதானே செய்கிறார்கள், அவர்களுக்கும் நன்மை உண்டே" என்று சிலர் கூறலாம். உண்மைதான். அல்லாஹ் எவருடைய உழைப்பையும் வீணாக்குவதில்லை. ஆனால் மனமுவந்து கொடுப்பது என்றால், மறுக்கவும் வழி இருக்க வேண்டும். எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டு வந்து சொன்னால், அது ஆலோசனையன்று, கட்டளை.

வேறு சிலர் அன்ஸாரித் தோழர் ஒருவரின் வரலாற்றை எடுத்துக் காட்டக் கூடும். நபி (ஸல்) அவர்களின் விருந்தினரை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். குழந்தைகளுக்கு மட்டுமே உணவு இருந்தது. அவர்களை உறங்கவைத்து, விளக்கை அணைத்து, தாங்களும் உண்பதுபோல் காட்டி, விருந்தினரை உண்ணச் செய்தார்கள். குடும்பம் வருந்தித்தானே அந்த விருந்து நடந்தது என்று கேட்பார்கள். நன்றாகக் கவனியுங்கள். கணவர் உண்டு, மனைவி பசித்திருந்த வரலாறா அது? விளக்கை அணைத்தவர் அந்த அம்மையார். இருவரும் சேர்ந்தே திட்டமிட்டார்கள், இருவரும் சேர்ந்தே பசித்திருந்தார்கள். அந்தத் தியாகத்தில் சரிபாதி சுமந்தவர் அதை எடுத்துக் காட்டட்டும்.

இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தைக் குர்ஆனின் 51-வது அத்தியாயம் சொல்கிறது. அறிமுகமில்லாத விருந்தினர் வந்தபோது, தம் வீட்டாரிடம் சென்று, கொழுத்த கன்றை அவர்களே கொண்டு வந்து, அவர்களே விருந்தினர் அருகில் வைத்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று விடை கிடைத்தது. மாதவிடாய்ப் பெண்கள்கூடத் தொழுமிடத்துக்குச் சற்று ஒதுங்கியிருந்து பெருநாளின் நன்மையிலும் துஆவிலும் கலந்துகொள்ளட்டும் என்பது உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் நபிக்கட்டளை. எந்த அடுப்பு அதைத் தடுக்கலாம்?

ஆகவே சகோதரர்களே! விருந்தாளிகளை எண்ணுமுன் வேலை செய்யும் கைகளை எண்ணுங்கள். வீட்டாரைக் கலந்து பேசியபின் அழையுங்கள். ஐந்து வகை வேண்டாம், இரண்டு போதும். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழி நமக்கு இருக்கிறது. இறைச்சி கழுவுவதும், வெங்காயம் உரிப்பதும், ஸஹன் தேய்ப்பதும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும். அண்டை வீட்டுக்கும் சமைத்தவர்களுக்கும் உரியதை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். விருந்துக்குச் செல்பவர்களும் உண்டு முடித்ததும் நேரத்தோடு விடைபெறுங்கள்.

மறு ஆண்டு எங்கள் வீட்டில் ஒன்பது பேருக்குத்தான் விருந்து. நெய்ச்சோறும் கறியும் மட்டும். வெங்காயம் உரித்தவன் நான். கண் எரிந்தது. ஆனால் அன்று காலை நாங்கள் இருவரும் சேர்ந்தே திடலுக்குப் போனோம்.

நம் விருந்துகளை எவருக்கும் சுமையாக்காமல், அனைவருக்கும் நன்மையாக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.