மூன்று வருஷத்தின் விலை

“படிப்பைக் காசால் அளக்காதே” என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். பெரும்பாலும் நல்ல மனிதர்கள். ஆனால் அப்படிச் சொல்லவும் கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டியிருக்கிறது. பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் புதுச்சேரியில், முத்தியால்பேட்டையிலோ அரியாங்குப்பத்திலோ, ஏதாவது ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். யாராவது ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பார். பாலிடெக்னிக்கா, பிளஸ் டூ முடித்து பி.டெக்.கா? எவ்வளவு போகும், எவ்வளவு வரும்? அந்தத் தாளைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கிற வீட்டில் கணக்குப் போடாமல் இருப்பதுதான் பொறுப்பில்லாத்தனம்.

ஆகவே கணக்குப் போடலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபடுகிறது என்று மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். டிப்ளமோ, பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷம். பி.டெக். என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூ, அப்புறம் நான்கு வருஷம். மொத்தம் ஆறு. நடுவில் இருக்கும் மூன்று வருஷம்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். ஒரு பேச்சுக்கு, டிப்ளமோ முடித்த பெண் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மாதம் 12,000 ரூபாய்க்குச் சேர்கிறாள் என்று வையுங்கள். மூன்று வருஷத்தில் 4,32,000. பி.டெக். படிக்கிறவளுக்குத் தனியார் கல்லூரியில் மொத்தம் 4,00,000 செலவு என்று வையுங்கள். அப்போது முதல் பெண் 8,32,000 ரூபாய் முன்னால் நிற்கிறாள். பி.டெக். வேலை மாதம் 6,000 கூடுதலாகத் தந்தால், இரண்டாமவள் அவளை எட்டிப் பிடிக்கப் பதினொன்றரை வருஷம் ஆகும். 15,000 கூடுதலாகத் தந்தால் ஐந்து வருஷத்துக்குள் எட்டிவிடுவாள். அரசு பாலிடெக்னிக்கின் சிறிய கட்டணம், வட்டி, சம்பள உயர்வு எதையும் நான் சேர்க்கவில்லை.

எல்லாமே ஊகம். ஆனால் அந்த ஒரு எண்ணை 6,000த்திலிருந்து 15,000க்கு மாற்றினால் ஒரு பெண்ணின் வாழ்க்கை திசை மாறுகிறது. வீடுகளில் அந்த எண்ணை யார் சொல்கிறார்கள்? பக்கத்துத் தெருப் பையன் பெங்களூரில் வாங்கும் சம்பளம் சொல்கிறது. கல்லூரி வாசலில் தொங்கும் பேனர் சொல்கிறது. சட்டம் சொல்வது வேறு. அப்ரெண்டிஸ்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய், பட்டத்துக்கு 9,000 ரூபாய் என்று வைத்தது. கூடுதலான மூன்று வருஷத்துக்கு, தொடக்கப்படியில், ஆயிரம் ரூபாய். பட்டத்தின் பலன் பிறகுதான் தெரியும்: பதவி உயர்வில், பட்டம் இருந்தால்தான் எழுதலாம் என்கிற தேர்வுகளில்.

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்தலாக இருப்பது ‘வரவு’ என்ற பத்திதான். சம்பளம் ஏதோ படிப்புக்குள்ளேயே பொட்டலம் கட்டி வைத்திருப்பது போல நாம் எழுதுகிறோம். எங்கள் ஊரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1936 ஜூலை 30 அன்று, போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மறுவருஷம், 1937இல், எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த ஒரு வருஷத்தில் தறி ஓட்டியவர்களின் கைத்திறன் மாறிவிடவில்லை. அவர்களுடைய ஒரு மணி நேரத்தின் விலை மாறியது. அந்த விலையைப் பன்னிரண்டு பேர் உயிரால் கொடுத்தார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி., ஊர் வாயில் ரோடியர் மில், 2020இல் மூடப்பட்டது. நூலைத் தொட்டே தரம் சொன்ன விரல்கள் மூடப்படவில்லை. அந்த விரல்களுக்கு விலை கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு உதாரணம், ‘சொல்தா’ வீடுகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாய்ப்பாட்டைப் படித்த இரண்டு பையன்களின் வருமானத்துக்கு நடுவே, அவரவர் தாத்தா போட்ட அல்லது போடாமல் விட்ட ஒரு கையெழுத்து நிற்கலாம். அதனால், சம்பளம் குறைவு என்றால் அறிவு குறைவு என்று இந்த ஊரில் வளர்ந்த யாரும் சொல்லக் கூடாது. டிப்ளமோக்காரரை “வெறும் டிப்ளமோ” என்று சொல்லும்போது நாம் செய்வது அதைத்தான். சந்தை போட்ட விலையை ஆளின் மதிப்பாக வாசித்துவிடுகிறோம்.

1776இலேயே ஆடம் ஸ்மித், நிறைய உழைப்பும் காலமும் செலவிட்டுப் படித்த மனிதரை விலை உயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டார். போட்ட முதலை இயந்திரம் லாபத்தோடு திருப்பித் தர வேண்டும். படித்தவரின் கூலியும் அப்படியே. 1964இல் கேரி பெக்கர் ‘மனித மூலதனம்’ என்றே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார். மனிதரை இயந்திரமாக நடத்துவதாகத் தோன்றும் என்பதால் அந்தத் தலைப்பை வைக்கத் தயங்கியதாக, 1992இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் சொன்னார். அவர் தயங்கிய இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வருகிறது. இயந்திரம் என்றால் அதற்கு ஒரு முதலாளி உண்டு. படித்த மனிதருக்கு முதலாளி யார்?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்தது. சித்தியின் மகளுக்குப் பத்தாவதில் நல்ல மதிப்பெண். அவள் அண்ணன் ஏற்கனவே பி.டெக். முடித்தவன், நான்கு லட்சம் கல்விக்கடன் இன்னும் அடைபடவில்லை. லாஸ்பேட்டையில் பெண்கள் பாலிடெக்னிக்கும் இருக்கிறது, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. கணக்குப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்: “எல்லாம் சரிம்மா. இவ சம்பாதிச்சா எந்த வூட்டுக்குப் போவும்?”

யாரும் அவரைக் கோபிக்கவில்லை. கோபிக்க வேண்டியதாகவே யாருக்கும் தோன்றவில்லை. அவள் மட்டும் கேட்டாள்: “அண்ணனுக்குப் போட்டப்ப இந்தக் கேள்விய கேட்டீங்களா மாமா?”

மாமா கெட்டவர் இல்லை. முதல் போடுகிறவர் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். பையன் என்றால் வரவு நம் வீட்டுக்கு, பெண் என்றால் வேறு வீட்டுக்கு. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கின் முதலாளி வீடு. படிக்கப்போகிறவள் அதில் சரக்கு. இன்னொரு பெயரும் விடுபட்டிருந்தது. அண்ணன் படித்தபோது சித்தி இரவெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்தாள், சங்கிலியை அடகு வைத்தாள். தாளில் அந்தச் சங்கிலி ஒரு எண்ணாக வந்தது, இரவுகள் வரவேயில்லை.

அதற்காக, தங்கையைச் செலவானாலும் பி.டெக். படிக்கவைத்தால்தான் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் சித்தி இன்னும் ஆறு வருஷம் தைக்க வேண்டும். அந்த நியாயத்தின் செலவும் அவள் தலையில்தான் விழும். நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். டிப்ளமோ முடித்தவர்கள் பி.டெக். இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பிளஸ் டூ வழியிலும் அதே ஆறுதான். ஆனால் இந்த வழியில் நடுவே ஒரு திண்ணை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, கையில் ஒரு சான்றிதழோடு, வேலைக்கா மேற்படிப்பா என்று பதினெட்டு பத்தொன்பது வயதில் அவளே முடிவு செய்யலாம். பதினைந்து வயதில் அவளுக்காக மற்றவர்கள் முடிவு செய்வதைவிட அது மேல். பணக்கணக்கில் இந்த வசதிக்குத் தனிப் பத்தி கிடையாது. இப்போதைக்கு டிப்ளமோ என்று அவளும் அதைத்தான் சொன்னாள்.

ஆனால் திண்ணை என்பது மேலே போகும் படி இருந்தால்தான் திண்ணை. இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் தாளின் கீழே இரண்டு வரி சேர்த்தோம். மூன்று வருஷம் கழித்து அவள் படிக்க வேண்டும் என்றால், செலவில் பாதி அவளுடைய அண்ணன் பொறுப்பு. அதற்காகச் சித்தியின் சங்கிலியை மறுபடி அடகு வைக்கக் கூடாது.

அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “என் லோனே முடியலக்கா” என்றான். அதுவும் உண்மைதான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டான். காப்பாற்றுவானா என்பது அந்த நாள் வரும்போதுதான் தெரியும். ஆனால் இப்போது அந்தத் தாளில் எண்களோடு நான்கு பேரின் பெயர்களும் இருக்கின்றன: படிக்கிறவள், கொடுக்கிறவன், ஏற்கனவே கொடுத்தவள், கேள்வி கேட்ட மாமா. மாமாவைச் சாட்சியாகப் போடச் சொன்னது தங்கைதான்.