மண்பாதையின் அறம்

கால் செல்லும் வழியையும் வாழ்க்கை செல்லும் முறையையும் 'நெறி' என்னும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். 'ஆறு' என்னும் சொல்லும் அவ்வாறே இருபொருள் தரும். பத்துப்பாட்டில் 5 நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்தமை, வழி சொல்லுதலையும் ஓர் அறமாகத் தமிழர் போற்றியதற்குச் சான்றாகும். ஆதலின், பாதையைப் பற்றி எண்ணப் புகுந்தால் அறத்தைப் பற்றியும் எண்ண நேர்கிறது.

தார் காணாத பழைய வண்டிப்பாதை பேரழகுடையது என்பதில் ஐயமில்லை. சக்கரங்கள் பதித்த இரு தடங்கள்; நடுவே குளம்படி பட்டும் மடியாத அறுகம்புல்; இருமருங்கும் ஆவாரையும் எருக்கும் தும்பையும்; மேலே கிளைகோத்து நிற்கும் புளியமரங்கள்; சற்று அப்பால் பனையோலையில் ஊசலாடும் தூக்கணாங்குருவிக் கூடுகள். மேட்டைக் கண்டால் வளைந்தும், குளத்தைக் கண்டால் ஒதுங்கியும், நிலத்தோடு வழக்காடாது செல்கிறது அப்பாதை. தலைநகரின் நெரிசலில் வாழும் நமக்கு அதனை நினைக்குந்தோறும் நெஞ்சு குளிர்கிறது. அஃது என்றும் அப்படியே இருக்கலாகாதா என ஏங்குகிறோம்.

அவ்வாறு ஏங்க நமக்கு உரிமை உண்டா? கோடையில் செம்பொன்னாய் ஒளிரும் அதே மண், ஐப்பசி மழையில் முழங்காலளவு சேறாகிறது. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணை ஏற்றிய வண்டி அதில் அழுந்தி நிற்கும்போது, பாதையின் அழகை யார் காண்பது? வழியோரச் சுமைதாங்கிக் கற்களுள் பல, கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக நடப்பெற்றவையே. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலைப்பகுதியில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளுக்கும் எப்பருவத்துக்கும் ஏற்ற சாலை வேண்டும் என வகுத்தது. நம் கண்ணின் இன்பத்துக்காகப் பிறர் காலின் துன்பம் நீடிக்கவேண்டும் என்பது அழகுணர்ச்சியாகாது, தன்னலமே ஆகும்.

அவ்வாறாயின், பழைய பாதையில் போற்றிக் காக்கத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. தில்லிப் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண் அதனை உரைக்கிறது. வழிகளில் விலங்குக்கும் மாந்தர்க்கும் நிழலாக ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதில் பொறித்த மன்னர், இவ்வசதிகள் சிறியனவே என்றும், மக்கள் அறத்தில் ஒழுகுவதே தம் நோக்கம் என்றும் உடன் பொறித்தார். நிழல்மரம், கிணறு, சுமைதாங்கி ஆகிய மூன்றும் முகமறியா வழிப்போக்கனை எண்ணிச் செய்தவை. பழைய பாதையின் அழகு அப்பரிவில் வேர்கொண்டது.

இன்றோ, சாலையை அகலப்படுத்துங்கால் முதலில் வீழ்வது அந்தப் புளியமரமே. நடந்து செல்வோர்க்கு ஓர் ஓரம் விடவும் பலவிடங்களில் மறந்துவிடுகிறோம். சேற்றோடு நிழலையும் சேர்த்து அகற்றவேண்டும் என எந்த முன்னேற்றமும் கட்டளையிடவில்லை. அது நம் எண்ணாமையின் விளைவு.

ஆகவே, ஊருக்குச் செல்லும் பாதைக்குத் தார் இடுவோம். குளத்தைக் கண்டால் இன்னமும் ஒதுங்குவோம். நிற்கும் மரத்தைக் காத்து, நிழலில்லா இடத்தில் புதிது நடுவோம். நாளை அந்நிழலில் நடப்பவன் நம்மை அறியான். நாமும் அவனை அறியோம். அறியாத அவனுக்காக இன்று நீர் வார்ப்போமாயின், வழி நெறியாகும்.