பெயர் இல்லாத அந்தப் பெண்!

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அந்த ஊரையொட்டி ஓடுகிறது கமண்டல நாகநதி. இதே ஆற்றங்கரையில், ஆரணிக்கு மேற்கே, படவேட்டில் அருளாட்சி புரிகிறாள் அன்னை ரேணுகாம்பாள். இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவளே குலதெய்வம்.

அன்னையின் கதை பலரும் அறிந்ததே. ஜமதக்னி முனிவரின் பத்தினியான ரேணுகாதேவி, ஆற்று மணலிலேயே குடம் செய்து நீர் கொண்டு வருவாள். ஒருநாள், வானில் சென்ற கந்தர்வனின் நிழலை நீரில் கண்டு, ஒரு கணம் அவள் மனம் சலித்தது. குடம் உருவாகவில்லை. சினம் கொண்ட முனிவர், தாயின் தலையை வெட்டும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார். மூத்தவர்கள் மறுத்துச் சாபம் பெற்றனர். பரசுராமர் கோடரியை எடுத்தார்!

பிறகு, தந்தை மகிழ்ந்து வரம் தருகிறார். மகாபாரதத்தின் வன பர்வத்தில் பரசுராமர் என்ன கேட்கிறார் தெரியுமா? தாய் பிழைக்க வேண்டும். தான் கொல்லப்பட்டது அவள் நினைவில் இருக்கக் கூடாது. தன்னைப் பாவம் தீண்டக் கூடாது. கேட்டதெல்லாம் கிடைக்கிறது. வெட்டுப்பட்டவளே மறந்துவிட்டாள் என்றால், மகனை மன்னிப்பது யார்? பாவ விமோசனம் என்பது இத்தனை சுலபமா?

நம் கிராமத்துக் கதையில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. காரணம், அதில் கூடுதலாக ஒரு பெண் வருகிறாள். உயிருக்குப் பயந்து ஓடிவந்த ரேணுகாதேவியை அவள் கட்டியணைத்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். சலவைத் தொழிலாளி வீட்டுப் பெண் என்பார்கள் சிலர். சேரிப் பெண் என்பார்கள் வேறு சிலர். கோடரி இரண்டு தலைகளையும் சாய்த்துவிடுகிறது. வரம் பெற்று ஓடிவந்த பரசுராமர், அவசரத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறார். தாயின் சிரசு, அந்தப் பெண்ணின் உடலோடு உயிர் பெறுகிறது.

இதைப் பரசுராமர் செய்த பிழை என்று சொல்லிவிட்டுக் கடந்து போவதே வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முனிவரின் கோபம், மகனின் கீழ்ப்படிதல் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, குறுக்கே வந்து தடுத்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக வரம் கேட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் அவள் உடல் இல்லாமல் மகனுக்குத் தாய் திரும்பக் கிடைக்கவில்லை. இனி அவர் தாயின் பாதத்தில் விழும்போதெல்லாம், விழுவது அந்தப் பெண்ணின் பாதத்தில் அல்லவா? இந்தக் கதையில் மறதிக்கு வழியே இல்லை.

தறியில் பாவு தீர்ந்ததும், பழைய இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! சேலைக்குள் அவை வராதபடி பார்த்துக்கொள்வது நெசவாளரின் திறமை. இங்கே முடிச்சு கழுத்திலேயே நிற்கிறது.

ஜெர்மனியின் மகாகவி கதேயையும் இந்தத் தலைமாற்றம் விடவில்லை. இந்தியாவுக்கு வந்துபோன பிரெஞ்சுப் பயணி சொன்னேராவின் நூல் வழியாகக் கதை அவருக்குக் கிடைத்தது. 1820-களில் வெளியான 'பாரியா' கவிதைகளில் அதைப் பாடினார். ஆனால், அவர் கவிதையில் உடலைத் தருபவள் தண்டிக்கப்பட்ட குற்றவாளி. நம் ஊர்க் கதையில் அவள் செய்த ஒரே காரியம், ஓடிவந்தவளை அணைத்துக்கொண்டதுதான்.

அவளுக்கு உரிய மரியாதை கிடைத்ததா என்று கேட்டால், பாதிதான் என்பேன். வட மாவட்டங்களின் அம்மன் கோயில்கள் பலவற்றில் சிரசு மட்டுமே வழிபாட்டில் இருக்கிறது. உடல் எங்கே என்று நாமும் கேட்பதில்லை.

குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் மட்டும் அவளை மறக்க முடியாது. வைகாசி முதல் நாள், சிரசுத் திருவிழா. அன்னையின் சிரசு மாலைகளோடு வீதி வீதியாக வலம் வரும், லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். கடைசியில் கோயிலில் காத்திருக்கும் உடலோடு அதைப் பொருத்துவார்கள். அந்த உடலை அங்கே 'சண்டாளச்சி உடல்' என்கிறார்கள். சிரசு அதில் சேர்ந்த பிறகுதான் பக்தர்களுக்கு முழு உருவ தரிசனம்.