கேள்வியைக் கேட்டுத் தீர்ப்பைச் சொல்லலாமா?

சீடன்: ஐயா, சில வாரங்களாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1955 முதலே பதிவுகள் இருக்கின்றன. தீர்ப்பு வருவதற்கு முன்பே யார் வெல்வார் என்று சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது.

குரு: எதை வைத்துச் சொல்வாய்?

சீடன்: கேள்விகளை எண்ணித்தான். எந்தத் தரப்பு வழக்கறிஞரை நீதிபதிகள் அதிகம் குடைகிறார்களோ, அந்தத் தரப்பு தோற்கும். ஜான் ராபர்ட்ஸ் தலைமை நீதிபதி ஆவதற்குச் சற்று முன்பு 28 வழக்குகளை எடுத்து இப்படி எண்ணிப் பார்த்தார். அவற்றில் 24 வழக்குகளில், அதிகக் கேள்விகளைச் சந்தித்த தரப்பே தோற்றிருந்தது. பிறகு எப்ஸ்டீன், லாண்டெஸ், போஸ்னர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னும் நிறைய வழக்குகளை ஆராய்ந்தார்கள். அங்கேயும் இதே போக்குதான்.

குரு: ஏன் அப்படி நடக்கிறது?

சீடன்: பிடிக்காத வாதத்தைத்தானே நீதிபதி எதிர்த்துக் கேட்பார்?

குரு: அது பாதிதான். அங்கே ஒன்பது பேர். ஒரு தரப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது அரை மணி நேரம். வெள்ளை விளக்கு எரிந்தால் ஐந்து நிமிடம் பாக்கி, சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்குள் நீதிபதிகள் வழக்கறிஞரைக் கேட்பது போலத் தங்களுக்குள்ளேயே வாதாடிக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவரை மடக்கும் கேள்வி பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சேர வேண்டியதாகவும் இருக்கும். சரி, ஒன்றைக் கண்டு இன்னொன்றை அறியும் உன் முறை அனுமானம்தான். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையை நீ படித்திருக்கிறாய் அல்லவா? அதில் வரும் தத்துவவாதியான அளவைவாதி அனுமானத்தை எத்தனை வகையாகச் சொல்கிறான்?

சீடன்: பொது, எச்சம், முதல் என்று மூன்று. காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்று அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். கருமேகம் கண்டு மழை பெய்யும் என்பது முதல்.

குரு: உன் கேள்விக் கணக்கு இந்த மூன்றில் எது?

சீடன்: தீர்ப்பு இனிமேல்தானே வரப்போகிறது. முதல்.

குரு: அவசரப்படாதே. அந்த நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆய்வாளர்கள் நால்வர் தீர்ப்புகளைக் கணிக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் புள்ளியியல் மாதிரி, மறுபக்கம் சட்ட வல்லுநர்கள். மாதிரிக்குத் தெரிந்ததெல்லாம் வழக்கு எந்தக் கீழ்நீதிமன்றத்திலிருந்து வந்தது, எந்தத் துறை, முறையீடு செய்தவர் யார், எதிர்த்தரப்பு யார் என்பது போன்ற ஆறு தகவல்கள்தான். வாதத்தில் ஒரு சொல்லைக்கூட அது கேட்கவில்லை. அது 75 சதவீதம் சரியாகச் சொன்னது. வல்லுநர்கள் 59 சதவீதம்.

சீடன்: வாதமே கேட்காமலா! அப்படியானால் பல வழக்குகளில் முடிவு முன்பே இருந்திருக்கிறது. என் கணக்கு எச்சம்தானா? பெய்து முடிந்த மழையைத்தான் நான் வெள்ளத்தில் பார்க்கிறேனா?

குரு: பல வழக்குகளில் அப்படித்தான். நீதிபதி தாமஸ் 2006-லிருந்து 2016 வரை வாதத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வாக்கு எங்கே விழும் என்று பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னொன்றையும் கவனி. அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் கீழ்த்தீர்ப்பைத் திருப்பிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு "முறையிட்டவர் வெல்வார்" என்று சொன்னாலே உனக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் கிடைக்கும்.

சீடன்: ஐயா, எனக்கு மனம் கசக்கிறது. முன்பே முடிவானதென்றால் அந்த அரை மணி நேரம் வெறும் நாடகமா?

குரு: கசப்புக்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார். முன்கூட்டியே தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சட்டம் தெளிவாக இருந்தால், நேர்மையான யார் உட்கார்ந்தாலும் அதே முடிவுதான் வரும். அது நீதிக்குப் பெருமை. ஒரு குடிமகன் தன் உரிமையை நீதிமன்றத்துக்குப் போகாமலே தெரிந்துகொள்கிறான். நீதிபதியின் மனம் மூடியிருந்தாலும் முன்கூட்டியே தெரியும். அது நீதிக்குக் கேடு. 24-ஐ 28-ஆல் வகுத்தால் 86 சதவீதம் வரும். அதில் எத்தனை தெளிவு, எத்தனை பிடிவாதம் என்று அந்த எண் சொல்லாது. எனக்கு உன் முறையில் இருக்கும் பெரிய குறை இதுதான்.

சீடன்: முடிவு உண்மையிலேயே திறந்திருக்கும் வழக்குகளில்?

குரு: அங்கே வருவதுதான் முதல். 2012-ஐ எடுத்துக்கொள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். மார்ச் 26 முதல் 28 வரை மூன்று நாள் வாதம். எல்லோரும் காப்பீடு வாங்க வேண்டும், வாங்காதவர் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பதுதான் தகராறு. செவ்வாய்க்கிழமை அரசின் சொலிசிட்டர் ஜெனரல் டொனால்ட் வெரில்லி எழுந்தார். தொண்டை அடைத்தது, இருமினார், தண்ணீர் குடித்தார், சொல் தடுமாறியது. அரசு காப்பீடு வாங்கச் சொல்லலாம் என்றால் பிராக்கோலி வாங்கவும் சொல்லலாமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். தனிமனிதனுக்கும் அரசுக்கும் உள்ள உறவையே இது அடிப்படையில் மாற்றுகிறதே என்று நீதிபதி கென்னடி கவலைப்பட்டார். அன்று மாலையே சட்டம் செத்தது என்று பேசிவிட்டார்கள். ஜூன் 28 அன்று 5-க்கு 4 என்று அது பிழைத்தது. எழுதியவர் ராபர்ட்ஸ்.

சீடன்: கேள்விகளை எண்ணிய அதே ராபர்ட்ஸ். ஆக, கேள்விகள் பொய் சொல்லிவிட்டன.

குரு: சொல்லவில்லை. கென்னடி சட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தார், ஸ்காலியாவும் அப்படியே. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இந்தக் கட்டளையைத் தாங்காது என்பதில் ஐந்து பேர் ஒத்துப்போனார்கள். செவ்வாய்க்கிழமைக் கேள்விகள் காட்டியது அதைத்தான். ஆனால் ராபர்ட்ஸ், கட்டவேண்டிய தொகையை வரி என்று கொண்டால் அரசியல் சட்டம் இடம் தருகிறது என்றார். கேட்டவர்கள் "வணிக அதிகாரம் போகும்" என்பதை "சட்டம் போகும்" என்று எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு கையில் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சிஎன்என், ஃபாக்ஸ் தொலைக்காட்சிகள் வணிக அதிகாரப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, கட்டளை ரத்து என்று அறிவித்தன.

சீடன்: வரி பற்றி வாதத்தில் ஒரு அறிகுறியும் இல்லையா?

குரு: இருந்தது. அதற்கு முந்தின நாள், அதிகம் பேர் பொருட்படுத்தாத திங்கட்கிழமை வாதத்தில், காப்பீடு வாங்கு, இல்லாவிட்டால்... என்கிறது சட்டம், இல்லாவிட்டால் என்ன, ஒன்றும் இல்லையே என்ற பொருளில் ராபர்ட்ஸ் கேட்டார். அபராதத்தைத் தவிர வேறு பின்விளைவு இல்லாத கட்டளை எப்படிக் கட்டளையாகும் என்பது அந்தக் கேள்வியின் சாரம்.

சீடன்: அப்படியானால் மேகம் திங்கட்கிழமையே தெரிந்தது!

குரு: மழை நனைத்த பிறகு எந்த மேகமும் கருமேகமாகத்தான் தெரியும். மறுநாள் அவரே, வரி என்றால் நாடாளுமன்றம் ஏன் வரி என்று சொல்லவில்லை என்றும் கேட்டார். தீர்ப்பு மறுபக்கம் போயிருந்தால் நீ இந்தக் கேள்வியை எடுத்துக் காட்டியிருப்பாய். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஒன்பது பேரும் வேறு யாருமில்லாத அறையில் கூடி வாக்களித்தார்கள். ராபர்ட்ஸ் முதலில் எதிர்ப்பக்கம் இருந்தார், தீர்ப்பு எழுதிய வாரங்களில் மாறினார் என்று சிபிஎஸ் செய்தி நிறுவனம் பிறகு செய்தி வெளியிட்டது. அது உண்மையானால், மார்ச் மாதத்தில் அந்தத் தீர்ப்பு யார் மனத்திலும் இல்லை. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு நீ எந்தக் கேள்வியை அடையாளமாகக் காட்டுவாய்?

சீடன்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காவது தெரிந்திருக்குமா?

குரு: நீதிபதி ஹாரி பிளாக்மன் வாதம் நடக்கும்போதே வழக்கறிஞர்களுக்கு மதிப்பெண் போட்டார். சக நீதிபதிகள் எப்படி வாக்களிப்பார்கள் என்றும் குறித்து வைத்தார். அந்த மேடையில் பல ஆண்டுகள் இருந்தவருக்கும் அது ஊகமாகத்தான் இருந்தது.

சீடன்: அப்படியானால் நான் எண்ணுவதை விட்டுவிடட்டுமா?

குரு: ஏன் விட வேண்டும்? எண்ணு. ஆனால் வெரில்லியை நினைத்துப் பார். அன்று ஊரே அவரைக் கைகழுவியது. அவரோ தன் நேரம் முடிவதற்குள் வரி வாதத்துக்கும் வந்து, அதையும் விடாமல் பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கட்சிக்காரருக்கு உதவியது அதுதான். எந்த எண்ணிக்கையிலும் அது ஏறாது.

சீடன்: அந்தத் திங்கட்கிழமைப் பதிவை முதலிலிருந்து கேட்கிறேன், ஐயா.

குரு: முடிவு தெரிந்த காதால் அதைக் கேட்டுப் பயனில்லை. தீர்ப்பு வராத வழக்கு ஒன்றை எடுத்துக்கொள். ஒன்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுது. ஒவ்வொருவருக்கு நேரே, அவரை எது உறுத்துகிறது, வழக்கறிஞர் சொன்ன பதிலுக்குப் பிறகும் அது உறுத்துகிறதா என்று குறி. யார் வெல்வார் என்பதைக் கடைசியில் எழுது. எந்த வழியில் வெல்வார் என்பதையும் சேர்த்து எழுது. தேதி போட்டு என்னிடம் கொடு. தீர்ப்பு வந்த அன்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.