தப்பிய கோயில், மூழ்கிய ரயில்

ஆயக்குடியிலிருந்து வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறவர்கள், 22 தீர்த்தமும் ஆடி முடித்ததும் தனுஷ்கோடியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டே திரும்புவார்கள். வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் ராமனிடம் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். “1964 புயலில் ஊரே போச்சு, இந்தக் கோயில் மட்டும் அப்படியே நின்னுச்சு” என்று வேனில் ஒருவராவது சொல்வார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோயில் ஊரை விட்டுப் பல கிலோமீட்டர் மேற்கே தள்ளி இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஊர் இருந்த இடத்தில் இடிந்த தேவாலயம் ஒன்று நிற்கிறது. பவளப்பாறையை வெட்டிக் கட்டியது. கிட்டே போனால் ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு போலத் துளைகள். கூரை கிடையாது. பக்கத்திலேயே சங்கு, சிப்பி மாலை வியாபாரம்.

அந்த டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் பயணிகள்.

கோயிலைக் காத்தவன் ரயிலை ஏன் விட்டான்? ‘உனக்கே அபயம்’ என்று ஒருமுறை சொன்னால் போதும், அவன் கைவிடமாட்டான் என்பதுதான் சரணாகதியின் சாரம். அந்த இருட்டில் எத்தனை பேர் எத்தனை சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள்! ஊழ் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வண்டியில் ஏறிய கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே நிமிஷத்திலா ஊழ் முடியும்?

இந்த வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரில் பூகம்பம். அப்போது தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் கொதித்துப்போனார்: இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று மறுப்பு எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். அந்த மனசு பெரிது. ஆனால் வாதத்தில் தாகூர் பக்கம்தான் நியாயம். தீண்டாமைக்கு ஆளான ஜனங்களும் அல்லவா அந்த இடிபாட்டில் செத்தார்கள்?

கோயில் தப்பியது அருள் என்றால், ரயில் மூழ்கியது தீர்ப்பு என்றாகிவிடுகிறது. முதல் பாதியை மட்டும் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது சௌகரியம்; செத்தவர்களின் பிள்ளைகள் அதே வேனில் இருந்தால் சொல்ல வாய் வருமா?

வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் இன்னும் குடிசை போட்டு வாழ்கின்றன. ராமேஸ்வரம் தீவில் சாமி கும்பிடாமல் கடலில் இறங்குகிறவர்கள் குறைவு. ஆனால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால், மீன்வளத் துறை விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்காது.