பெயரறியாதவர்க்குப் பட்ட கடன்

உதவி செய்தவரின் பெயரும் ஊரும் தெரிந்திருந்தால் நன்றி கூறுவதும் எளிது. கைம்மாறு செய்வதும் எளிது. ஆனால், பெயர் தெரியாது. மீண்டும் சந்திக்கும் வாய்ப்பும் இல்லை. அவர் நம் மார்க்கத்தவரும் அல்லர் என்னும்போது, அவரிடம் பெற்ற உதவி நம்மீது கடனாக நிற்குமா? நிற்குமாயின், அதனை எங்கே, எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாவைச் சிந்திக்க நம் கடற்கரையிலேயே நிகழ்ந்த சம்பவம் ஒன்று துணைபுரிகிறது.

மொராக்கோ நாட்டில் 1304-ஆம் ஆண்டு பிறந்த உலகப் பயணி இப்னு பதூதா, இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டபின், 1344-ஆம் ஆண்டையொட்டிப் பாய்மரக் கப்பலில் மஃபர் நோக்கிப் புறப்பட்டார். தமிழகத்தின் கீழைக் கரையையே அரபிகள் மஃபர் என்றழைத்தனர். வழியில் காற்று வலுத்தது. கப்பலில் தேர்ந்த மாலுமி இல்லை. பாறைகளுக்கு அருகே சென்ற கலம், பின்னர் ஆழமற்ற நீரில் தரைதட்டிற்று. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர்; மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தம்முடன் வந்தோரை அத்தெப்பத்தோடு அனுப்பிவிட்டு, இப்னு பதூதா நீர் புகுந்த கப்பலின் பின்தளத்தில் ஏறி இரவைக் கழித்தார்.

பொழுது விடிந்ததும் ஒரு படகு வந்தது. அதில் வந்தோர் முஸ்லிம்கள் அல்லர். அக்கரையில் வாழ்ந்த மக்கள். அவர்களே எஞ்சியோரைக் கரைசேர்த்தனர். காட்டினுள் அழைத்துச் சென்று பழமும் நல்ல மீனும் உண்ணக் கொடுத்தனர். பஞ்சு போன்ற உட்புறமும் தேன் போன்ற சாறும் கொண்டதென்று அப்பழத்தை அவர் வருணிக்கிறார். அதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் நம் பனம்பழம் நினைவுக்கு வராமற் போகாது.

அப்பயணிகள் தாங்கள் மதுரை சுல்தானுக்கு வேண்டியவர்கள் என்று கூறியதும் உண்மையே. எனவே, "அது அன்பன்று, அரசனிடம் கொண்ட அச்சம்" எனச் சிலர் வாதிடக்கூடும். ஆயினும், அச்செய்தி கரையேறிய பின்னர் சொல்லப்பட்டதாகவே பயண நூலின் வரிசை அமைந்துள்ளது. விருந்தோம்பலில் சிறிது அச்சம் கலந்திருந்தால்தான் என்ன? உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. உதவி பெற்றவன் உதவியாளனின் எண்ணத்தைத் தராசில் நிறுக்கத் தொடங்கினால், அது நன்றிக்கடனைத் தட்டிக்கழிக்கத் தேடும் சாக்காகவே முடியும். மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அங்கே 'மனிதர்' என்ற சொல்லுக்கு மதவேலி எதுவும் இடப்படவில்லை.

இனி, கடனைத் தீர்க்கும் வழி யாது? அப்போது மதுரையை ஆண்ட கியாதுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலர்; இருவரும் ஒரே குடும்பத்தில் பெண் கொண்டவர்கள். அந்தச் சுல்தான், காட்டில் பிடிபட்ட மாற்று மதத்தவரைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் நேரில் கண்டார். கண்டதை உறவுக்காகவோ, மார்க்கத்தின் பெயராலோ மறைத்தாரில்லை. அது இழிசெயல் என்றும், அதன் பொருட்டே இறைவன் அம்மன்னனின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் 1355-இல் நிறைவுற்ற தம் நூலில் பதியச் செய்தார். எத்தனையோ மன்னர்கள், காஜிகள், ஷெய்குமார்கள் ஆகியோரின் பெயர்களைக் கூறும் அந்நூலில் படகில் வந்தவர்களின் பெயர் இல்லை. ஆனால், அவர்களைப் போன்ற எளியோர்க்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அது சாட்சியாக நிற்கிறது. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை கூட நீதியிலிருந்து நம்மை வழுவச் செய்யலாகாது என்பது திருமறையின் கட்டளை. பெயரறியாதவர்க்குப் பட்ட கடனைத் தீர்க்கும் முதல் வழி, அவருடைய மக்களைப் பற்றி நீதியோடு பேசுவதும், அவர்களுக்குத் தீங்கு நேர்கையில் வாய்மூடி இராததுமே ஆகும்.

இரண்டாவது வழி, அடுத்துக் கரையொதுங்குபவரைத் தாங்குவது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருமறை சேர்த்திருக்கிறது. சொந்த ஊரில் செல்வராயிருப்பினும், வழியில் கைப்பொருள் இழந்தவர் உதவிக்கு உரியவரே. நீரின் நடுவே நிற்பவனுக்கு அவனது செல்வமும் குலமும் பயன்படா. கரையில் நிற்பவரின் மனம் ஒன்றே பயன்படும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் அண்டைக் குப்பங்களின் மீனவ மக்களுக்கு உணவும் புகலிடமும் அளித்தனர். நாகூர் தர்கா, மாண்டவர்களின் மதம் பாராது நல்லடக்கத்திற்கு இடம் தந்தது. அவர்களுள் எவரும் பழைய கணக்கொன்றைத் தீர்ப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும், சற்றேறக்குறைய 660 ஆண்டுகளுக்கு முன் இதே கீழைக்கரையில் ஒரு முஸ்லிம் பயணியை ஏற்றிவந்த படகுக்கு அதைவிடச் சிறந்த கைம்மாறு இருந்திருக்க முடியாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னோரின் பெயர்களைச் சொல்லித் தருகிறோம். பெயர் தெரியாத அந்தப் படகுக்காரர்களைப் பற்றியும் சொல்லித் தருவோம். அவர்களிடம் பெற்றதைப் பிறரிடம் சேர்க்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!